பின் படிக்கட்டுச் சாவி

வாங்க தம்பி, வாங்க அம்மணி. வீடு பாக்கத்தானுங்க வந்தீங்க? மொதலாளி போன்ல சொன்னாரு. மொத மாடியில அந்த ஓரத்து வீடு. இப்பத்தான் வெள்ளையடிச்சு முடிஞ்சுது, தரை இன்னும் ஈரம். சித்தெ காயட்டும், இப்படி நெழல்ல உக்காருங்க.

அம்மணி மூக்கை உறிஞ்சறாங்க பாருங்க. பெயிண்டு வாசம்தானுங்க அது. அதுக்கு அடியில இன்னொரு வாசமும் இருக்குது, இல்லைன்னு சொல்லல. வர்றவங்ககிட்ட அதப் பத்திப் பேசாதீங்கண்ணான்னு மொதலாளி சொல்லியிருக்காரு. நான் பேசமாட்டேன். ஆனா நீங்க எதுத்தாப்பல பேக்கரியில ஒரு டீ குடிச்சீங்கன்னா அவன் சொல்லிப்போடுவான். அதுவும் என்னையக் கோமாளியாக்கிச் சொல்லுவான். அதுக்கு நானே சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் சந்தேகப்பட்டது தப்பான்னு.

என்ற பேரு சென்னியப்பன். இந்தக் கட்டடத்தப் பாத்துக்கறவன். அதுக்கு முன்னால பவர்டேபிள்ல பனியன் தெச்சவன். கண்ணு மங்கினதும் ஊசி தெரியல, கம்பெனியில நிப்பாட்டிட்டாங்க. மொதலாளிதான் கூப்பிட்டு, மொட்டமாடி ரூம்புல நீங்களும் அக்காளும் இருந்துக்குங்க, வாடகை வேண்டாம், கட்டடத்தப் பாத்துக்குங்கன்னாரு. பாத்துக்கறதுன்னா என்னங்க? மோட்டார் போடறது, விளக்கு அமத்தறது. அதெல்லாம் யாரு வேணாலும் செய்வாங்க. என்ற வேலையின்னு ஒண்ணு உண்டுன்னா அது பின் படிக்கட்டுக் கேட்டுத்தான்.

முன்னாடி ஒரு படிக்கட்டு இருக்குது, நீங்க ஏறி வந்தீங்களே அது. ரெண்டாவது மாடி நடையில இருந்து பின்னாடி சந்துல இறங்கறதுக்கு இன்னொண்ணு. அதோட அடியில கம்பிக்கேட்டு. நாங்க வந்த புதுசுல அந்த வழியாத்தான் எவனோ மேல வந்து மோட்டாரக் கழட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்கு மொதலாளி இவ்வளவு பெரிய பூட்டு வாங்கிட்டு வந்து, எல்லாக் குடித்தனக்காரங்களும் நிக்கறப்ப, சாவிய என்ற கையில குடுத்து, இனி இது உங்க பொறுப்புங்கண்ணான்னாரு. நான் அத அரணாக்கயிறுல கோத்து இடுப்புல கட்டிக்கிட்டேன். குளிக்கறப்பக் கூடக் கழட்டினதில்ல. என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா சிரிப்பா. கட்டின பொண்டாட்டியக் கூட இப்படி இடுப்புல வெச்சுக்கலயேம்பா.

பூட்டு இருந்தாத்தானுங்க காவக்காரன். காவக்காரனா இருந்தாத்தான் ரூம்பு. முட்டி தேஞ்சு போன பொம்பளையக் கூட்டிக்கிட்டு இந்த வயசுல நான் வேற எங்க போவேன்? இத மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

போன சித்திரையில ரெண்டாவது மாடிக்கு வீடு பாக்க ஒரு பொண்ணு வந்துச்சு. முப்பது வயசிருக்கும், தனியாளு. திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லுச்சு. வீடு பாக்க வர்றவங்க என்ன கேப்பாங்க? தண்ணி என்னைக்கு வரும், வண்டி நிறுத்த எடம் இருக்குதா, வாசப்படி எந்தத் திசைன்னு கேப்பாங்க. நீங்களும் தண்ணியத்தான கேட்டீங்க, அது மனுச லட்சணம். அந்தப் பொண்ணு அடுப்படியக் கூட எட்டிப் பாக்கலீங்க. நேரா என்னையக் கேக்குது, "வெளிய போறதுக்கு வேற வழி இருக்கா பெரியப்பா?"ன்னு.

உள்ளயே இன்னும் வரல. அதுக்குள்ள வெளிய போற வழி எதுக்குங்க? எவன்கிட்ட இருந்தோ தப்பிச்சு ஓடறவங்க கேக்கற கேள்வியில்லீங்களா அது? மயிலாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், இது எங்கயோ என்னமோ பண்ணிட்டு வந்திருக்குதுன்னு.

பேரக் கேட்டேன். இசக்கியம்மாளாமா. நம்ம பக்கம் கேள்விப்பட்ட பேரா அது? எங்க கொலசாமி பேரு பெரியப்பான்னுச்சு. அவங்க கொலசாமி எனக்கென்ன தெரியும், என்ன பேரு வேணாலும் சொல்லலாம். மொதலாளி யோசிக்காம விட்டுட்டாரு.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் செக்சன்ல வேலை. அங்க வெளிநாட்டுக்காரன் சோதனை போட வருவானாமா. துணியப் பாக்கறானோ இல்லியோ, தீப்பிடிச்சா இத்தன பேரும் எப்படி வெளிய வருவாங்கன்னுதான் மொதல்ல கேப்பானாமா. அதுக்காவ கம்பெனியில அடிக்கடி சைரன் ஊதி, எல்லாத்தையும் வரிசையா வெளிய ஓட்டிப் பழக்குவாங்களாமா. இந்தப் பொண்ணுதான் அதுக்குத் தலைவியாமா. ஒரு சிவப்புத் தொப்பி கூடக் குடுத்திருக்காங்க, கொடியில காஞ்சுக்கிட்டிருந்துச்சு. நான் பாக்காத கம்பெனியா? எங்க காலத்துல பீசு திருட்டுப் போகுதுன்னு வெளிய பூட்டிப்போட்டுட்டுத்தான் தெக்கவே விடுவாங்க. நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?

வந்த வாரமே ஆரம்பிச்சுருச்சு. கேட்ட ஏன் பூட்டி வச்சிருக்கிய பெரியப்பான்னு கேட்டுச்சு. திருடன் வருவான்னேன். திருடன் என்னைக்கோ வருவான், தீயும் என்னைக்கோதான் வரும், ஆனா திருடன் வந்தா மோட்டார்தான போவும்னுச்சு. எப்படிப் பேசுது பாருங்க. சாவிய ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில போட்டுக் கேட்டுப் பக்கத்துலயே மாட்டணுமாமா. அவசரம்னா கண்ணாடிய ஒடச்சு எடுத்துக்கலாமாமா. சாவிய வெளிய மாட்டி வெச்சுட்டு அப்புறம் பூட்டு எதுக்குங்க, அழகுக்கா?

அடுத்து என்ற மூட்டை மேல கண்ணு போச்சு. கீழ முன் படிக்கட்டுக்கு அடியில, மீட்டர் பொட்டியெல்லாம் இருக்குமே, அங்க நான் கட்டிங் வேஸ்ட் மூட்டை போட்டு வெச்சிருந்தேன். கம்பெனி கம்பெனியாப் போயி, கழிச்ச துணிய வாங்கிட்டு வந்து நிறம் பிரிச்சுக் குடுக்கறது. சும்மா இருக்கற நேரத்துக்கு ஒரு கைவேலை. மெத்துனு இருக்கும், கொழந்தைங்க ஏறி விளையாடும். இந்தப் பொண்ணு வந்து, பெரியப்பா, கரண்டுப் பெட்டிக்குக் கீழ பஞ்சு மாதிரி துணிய அடுக்கி வச்சிருக்கியளே, மேல இருக்கவ்வொ எறங்குத வழியாச்சே இதுன்னுச்சு. நான் விசாரிச்சேன். அது தவணையில ஸ்கூட்டி வாங்கப் போவுதுன்னு தெரிஞ்சுது. புரிஞ்சுதுங்களா? அதுக்கு எடம் வேணும். மூட்டைய நகத்திப் படிக்கட்டுக்கு இன்னும் நெருக்கமா அடுக்கி வெச்சேன், ஒரு ஸ்கூட்டியும் நுழையாத மாதிரி.

அப்புறம் ஒரு நாளுக் காத்தால எந்திரிச்சு வர்றேன், ரெண்டு மாடியிலயும் நடையில மஞ்சக் கோடு. ஒவ்வொரு வாசப்படியில இருந்தும் கெளம்பிப் பின் படிக்கட்டு வரைக்கும் தரையோட தரையாப் போவுது. கொள்ளையடிக்கறவனுங்க மொதல்ல வந்து வீட்டுக்கு அடையாளம் போட்டுட்டுப் போவானுங்கன்னு கேள்விப்பட்டிருக்கறேன். இது அடையாளம் மட்டுமில்ல, வழியே போட்டுக் குடுத்திருக்குது. கேட்டா, கம்பெனியில மிஞ்சின பெயிண்டுங்குது. நான் மண்ணெண்ணெய்ய ஊத்தித் தேச்சேன். பாதிதான் போச்சு. கெட்டிப் பெயிண்டு.

இதவிட ஒரு கூத்துக் கேளுங்க. இப்ப நீங்க பாக்க வந்த வீட்டுல கொமரேசன்னு ஒருத்தன் குடியிருந்தான். அவனோட ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்தா மேல எங்க ரூம்புலதான் கெடக்கும். மயிலாவுக்குப் பொழுதும் போவும். ஒரு நாள் பொழுதோட நான் மாடியேறி வர்றேன், அந்தப் புள்ளைங்க ரெண்டும் ஈரத்துண்ட மூஞ்சியில கட்டிக்கிட்டு மண்டி போட்டுருக்குது. முன்னால இந்தப் பொண்ணும் மண்டி போட்டு என்னமோ சொல்லிக் குடுக்குது. மயிலா சேர்ல உக்காந்து பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கறா. எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு. நெத்தியில பொட்டு, பேரு கொலசாமி பேரு, எல்லாம் வெளி வேசம். நைசா மதம் மாத்தறதுக்கு வந்திருக்குது. கொமரேசன்கிட்டச் சொன்னேன். அவன் போய்க் கேட்டிருக்கான். பொகை மேலதாண்ணே நிக்கும், தரையோட தவழ்ந்து போனா மூச்சு விடலாம், அதத்தான் விளையாட்டாச் சொல்லிக் குடுக்கேன்னு சொல்லுச்சாமா. அவனும் நம்பிட்டான். ஆரம்பத்துல அப்படித்தாங்க சொல்லுவாங்க.

மயிலாவும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா. நல்ல புள்ளைங்க அது, நம்ம பாட்டுக்கு நாம இருப்போம்பா. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறது, நான் போனா நிறுத்திக்கறது. ஒரு நாள் அந்தப் பொண்ணு அவகிட்டக் கேக்கறது காதுல விழுந்துச்சு, உங்களுக்கு முட்டு வலியாச்சே பெரியம்மா, ஒண்ணுன்னா எப்படி எறங்குவியன்னு. அவ சொன்ன பதிலு கேக்கல. எதுக்கு அந்தக் கேள்வி? இவங்களக் கீழ அனுப்பிட்டா ரூம்பு காலியாவும். மொட்டமாடி, காத்தோட்டம், வாடகையில்லாத ரூம்பு. எனக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி வந்துச்சுங்க. பூட்டு வேண்டாங்கறது, மூட்டை வேண்டாங்கறது. கடைசியில சென்னியப்பனே வேண்டாம்னு மொதலாளி வாயில இருந்து வரவெக்கறதுதான் அதோட திட்டம்.

அதனால நான் இன்னும் உசாராயிட்டேன். ராத்திரியில மட்டும் பூட்டினத பகல்லயும் பூட்ட ஆரம்பிச்சேன். சாவி இடுப்ப விட்டு எறங்கல. ஆங், ஒரு தடவை எறங்குச்சு. ஆடி நோம்பியன்னைக்கு. வருசா வருசம் அன்னைக்குத்தான் மயிலா தாலிக்குப் புது மஞ்சக் கயிறு மாத்துவா, எனக்கும் புது அரணாக்கயிறு கட்டி விடுவா. அன்னைக்கு எண்ண தேச்சுக் குளிக்க வெச்சு, பழைய கயிற அவளே அறுத்து, சாவியோட மஞ்சத்தட்டத்துல வெச்சா. புதுக் கயிறு வாங்கிட்டு வரச் சொல்லி இந்தப் பொண்ணத்தான் அனுப்பினா. பக்கத்துக் கடைதான், ஆனா அது வர ரொம்ப நேரமாச்சு. கடையில கூட்டமாமா. எனக்கு எண்ணக் குளியல்ல கண்ணு சொக்கிருச்சு. அப்புறம் மயிலா எழுப்பி, சாவியக் கோத்து, கட்டி விட்டா. இப்பவும் பாருங்க, சாவி ஓட்டையில மஞ்ச ஒட்டியிருக்குது. அத விடுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

ஆவணியில ஒரு ஞாயித்துக்கெழமை. முகூர்த்த நாள். கட்டடத்துல பாதிப் பேரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, கொமரேசனும் பொண்டாட்டியும் புள்ளைங்கள மயிலாகிட்ட விட்டுட்டுப் போயிருந்தாங்க. சாயப்பட்டறையில ராத்திரி வேலை பாத்துட்டு வந்த பெருமாளு ரெண்டாவது மாடியில தூங்கறான். லீவு நாளுங்கறதால இந்தப் பொண்ணும் இருந்துச்சு. நான் பேக்கரியில உக்காந்து டீயில பன்னு நனச்சுக்கிட்டிருந்தேன். பேக்கரிக்காரன் எனக்குப் பின்னால பாத்துட்டு, அண்ணா, உங்க கட்டடத்துல என்ன பொகைன்னான்.

திரும்பிப் பாத்தா முன் படிக்கட்டு வாயி முழுக்கக் கறுப்பு. அடுப்புப் பொகை மாதிரி இல்லீங்க. கெட்டியா, சுருண்டு சுருண்டு, படிக்கட்டயே ஏணியா வெச்சு மேல ஏறுது. கிட்டப் போனேன், மூஞ்சியில அனல் அடிச்சுத் தள்ளிருச்சு. உள்ள எரியறது என்ற மூட்டைங்க.

மயிலா மேல இருக்கறா. புள்ளைங்க மேல இருக்குது. சாவி என்ற இடுப்புல இருக்குது.

பின் சந்துக்குப் போவணும்னா தெருவச் சுத்தி, ரேசன் கடை திரும்பித்தான் வரணும். நான் ஓடினேனுங்க. ஓடிக்கிட்டே கயித்த இழுக்கறேன், வேர்வையில முடிச்சு இறுகிக் கெடக்குது. அவளே கட்டின முடிச்சு. பல்லுக்கும் எட்டாது, கைக்கும் வர மாட்டேங்குது. வேட்டி அவுந்து கால்ல சுத்துது. மயிலாவால அந்தக் கேட்டு வரைக்கும் கூட எறங்க முடியாது, எறங்கினாலும் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும், நான் வந்து தொறக்கற வரைக்கும். அவ கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரியே எனக்குக் கண்ணுல வருது. கயித்த அறுத்தே போட்டேன். இடுப்புத் தோலும் சேந்து வந்துருச்சு, அது அப்புறம்தான் தெரிஞ்சுது.

சந்துல திரும்பினேன். கேட்டு தொறந்து கெடக்குது.

மயிலா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இருமிக்கிட்டிருக்கறா. ஈரத்துண்டு கழுத்துல கெடக்குது. சேரோட தூக்கிட்டு வந்திருக்காங்க, ஒரு பக்கம் பெருமாளு, ஒரு பக்கம் இந்தப் பொண்ணு. புள்ளைங்க ரெண்டும் முட்டியெல்லாம் கரியா, மயிலா காலக் கட்டிக்கிட்டிருக்குது. அக்கா சொன்ன மாதிரியே மஞ்சக் கோட்டப் பாத்துத் தவழ்ந்தே வந்துட்டோம் தாத்தான்னு சின்னது சொல்லுது. நான் தேச்சது போவ மிச்சமிருந்த கோடு. நல்லவேளை, நான் அழுத்தித் தேக்காம விட்டிருக்கறேன்.

நான் போயி அவ கையப் புடிச்சேன். கை சில்லுனு இருந்துச்சு. புடிச்சுட்டு என்ன கேட்டேன்னு நெனைக்கறீங்க?

"கேட்ட யாரு தொறந்தது?"

மயிலா என்னையப் பாத்தா. "அதையா கேக்கறீங்க இப்ப?"ன்னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஒரே பூட்டு, ஒரே சாவி, அந்தச் சாவி என்ற கையில. அப்பப் பூட்டுல தொங்கினது எது? நான் பாத்தேன், புத்தம் புதுச் சாவி, வெய்யில்ல மின்னுச்சு. தீயணைப்பு வண்டி வந்து கூட்டம் கூடி, நான் மறுபடியும் திரும்பிப் பாக்கறதுக்குள்ள அதக் காணோம். அந்தப் பொண்ணத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அத மட்டும் கேக்காதிய பெரியப்பா"ன்னுச்சு. குத்தமில்லாதவங்க பேசற பேச்சா இது? சாவி ஒண்ணு திருட்டுத்தனமாப் போட்டிருக்குது, அதுவும் எப்பப் போட்டுது, எப்படிப் போட்டுது, இடுப்ப விட்டு எறங்காத சாவிக்கு? இன்னைய வரைக்கும் எனக்கு விளங்கல.

தீயணைப்பு ஆபீசரு உள்ள போயிப் பாத்துட்டு வந்தாரு. மீட்டர்ல இருந்து பொறி விழுந்திருக்குது, கீழ இருந்த துணியில புடிச்சிருக்குதுன்னாரு. இந்த மூட்டை யாருதுன்னு சத்தமாக் கேட்டாரு. இந்தப் பொண்ணு முன்னால வந்து, யாருதும் இல்ல சார், கட்டடத்துக் குப்பை, எல்லாரும் சேந்து போட்டதுன்னுச்சு. பாத்தீங்களா? நான் நிறம் பிரிச்சு, வெள்ளை தனி, கறுப்பு தனின்னு கட்டி வெச்ச சரக்கு. குப்பையின்னு சொல்லிருச்சு, அத்தன பேருக்கும் முன்னால.

கொமரேசன் வீட்டுலதான் பொகை அதிகம், சாமானெல்லாம் போச்சு. அவன் மாமனார் ஊருக்கே போயிட்டான். போறப்ப அந்தப் பொண்ணு கால்ல புள்ளைங்கள விழ வெச்சுட்டுப் போனான். அந்த வீடுதான் இப்ப உங்களுக்கு.

அப்புறம் ஆபீசரு மொதலாளியக் கூப்பிட்டுச் சட்டம் பேசினாரு. பின் கேட்டுல பூட்டே கூடாது, உள்ள இருந்து யாரு வேணாலும் தொறக்கற மாதிரி தாப்பாத்தான். படிக்கட்டுல ஒரு சாமானும் கூடாது. மாடிக்கு மாடி தீயணைக்கற சிவப்பு உருளை மாட்டணும். மொதலாளி அன்னைக்கே பூட்டக் கழட்டிட்டாரு. நான் மேல வந்து துணிமணிய மூட்டை கட்டினேன். பூட்டே இல்லாத கட்டடத்துக்குக் காவக்காரன் எதுக்கு? மயிலா கட்டவும் இல்ல, கட்டாதீங்கன்னும் சொல்லல.

மொதலாளி மேல வந்தாரு. என்னங்கண்ணா மூட்டைன்னாரு. போவச் சொல்லறதுக்கு முன்னால நாங்களே போறோங்கன்னேன். அவரு, யாரு போவச் சொன்னதுங்கண்ணா, படிக்கட்டக் காலியா வெச்சுக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுல்ல, அந்தப் புள்ள இசக்கியம்மாதான் சொல்லுச்சு, சென்னியப்பன் பெரியப்பா இருந்தா ஒரு செருப்புக் கூட வழியில கெடக்காதுன்னுன்னாரு.

என்னையத் துரத்தத்தான் அது இத்தனையும் பண்ணுச்சுன்னு இருந்தேன். இப்ப இருக்கச் சொல்லியிருக்குது. இதுல என்ன உள்குத்து இருக்குதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் இருக்கறேன், இன்னும் பிடிபடல.

ஆனா சொன்னது நெசந்தானுங்க. போன வாரம் ஒருத்தன் சைக்கிளப் படிக்கட்டுத் திருப்பத்துல நிறுத்தினான், தூக்கிட்டுப் போயித் தெருவுல வெச்சுட்டேன். நீங்க குடி வந்தீங்கன்னா சொல்லிப்போட்டேன், செருப்பு வாசப்படிக்கு உள்ள. பூந்தொட்டி, தண்ணிக்குடம், பழைய பாய், ஒண்ணும் நடையில வரப்படாது. பாப்பா இருக்குதா உங்களுக்கு? இருந்தா அந்தப் பொண்ணுகிட்ட விடுங்க, தவழச் சொல்லிக் குடுக்கும். அது மண்டி போடறது வேற எதுக்கும் இல்லைன்னு நெனைக்கறேன். இருந்தாலும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க.

தரை காஞ்சிருக்கும், வாங்க. அந்தப் பக்கம் இல்லீங்க தம்பி, தண்ணித்தொட்டியெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல பின் படிக்கட்டு. மஞ்சக் கோட்டப் பாத்துக்கிட்டே நடங்க. இப்பப் புதுசா நானே அடிச்சது. தாப்பாளத் தொறந்து மூடிப் பழகிக்குங்க, அம்மணி, நீங்களும். கண்ண மூடிக்கிட்டுத் தொறங்க பாக்கலாம். ஆங், அவ்வளவுதான்.

சந்துல சேர் போட்டு வெய்யில் காயறாளே, இவதான் மயிலாத்தா. ஏம்புள்ள, வீடு பாக்க வந்திருக்காங்க. அம்மணி அவ கழுத்தயே பாக்கறீங்களே? தாலிக்கயிறுதான், ஆடிக்கு மாத்தினது. ஊக்கு ரெண்டு மாட்டியிருக்கறா, கூட ஒரு சாவி. பீரோ சாவியாமா. நான் கேக்காமயே அவளாத்தான் சொன்னா.

எங்களுக்கு ஏதுங்க பீரோ? துணிமணியெல்லாம் கொடியிலதான் கெடக்குது. நான் ஒண்ணும் கேட்டுக்கல. கேட்டா சொல்லிப்போடுவா.